பாய்சன் ஐவி: பிடுங்கலாமா, மருந்தடிக்கலாமா, ஆடு விடலாமா?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தோட்டத்தோடு வீடு வாங்கும் நம்மவர்களுக்குச் சீக்கிரமே அறிமுகமாகிவிடும் கொடி பாய்சன் ஐவி. மூன்று மூன்றாக இலை. நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். மரமேறி முற்றிய தண்டில் பழுப்பு முடி அடர்ந்திருக்கும். ஊரில் சேராங்கொட்டையைப் பார்த்தவர்களுக்கு ஆபத்து சட்டென்று புரியும், இரண்டும் மாமரக் குடும்பம்தான். தோலைக் கொப்புளமாக்குவது இதிலுள்ள உருஷியால் என்ற எண்ணெய். இலை உதிர்ந்த குளிர்காலத் தண்டிலும், வேரிலும், செத்துக் காய்ந்த கொடியிலும்கூட அது இருக்கும்.

களைக்கொல்லி மருந்தடிப்பதன் பெரிய குறை இங்கேதான். செடி செத்தாலும் எண்ணெய் சாகாது. அடித்துவிட்டு, காய்ந்த கொடியை வெறுங்கையால் இழுப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

கொடி சின்னதாக, விரல் மொத்தத்துக்குள் இருந்தால் என் ஓட்டு பிடுங்குவதற்கே. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது இறங்குங்கள். வேர் மேல்மண்ணில் பக்கவாட்டாக ஓடும். நிதானமாக இழுத்தால் நீளமாக வரும், அறுந்தால் மிச்சத் துண்டு திரும்பத் துளிர்க்கும். லேடெக்ஸ் கையுறை வேண்டாம், எண்ணெய் ஊடுருவிவிடும். கனமான வினைல் உறை போடுங்கள். நாலைந்து செடிதான் என்றால் நீளமான பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, வேரோடு பிடித்து இழுத்து, பையை அப்படியே உள்புறம் வெளியே திருப்பி முடிச்சுப் போட்டுவிடலாம். பை கிழிந்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

பிடுங்கி மாளாத அளவுக்குப் படர்ந்திருந்தால் மருந்துதான். க்ளைஃபோசேட் என்ற களைக்கொல்லி பட்டது எல்லாவற்றையும் கொல்லும், புல்வெளியும் சேர்ந்து போகும். ட்ரைக்ளோபைர் புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைத் தாக்கும். அதனால் புல்வெளி ஓரத்துக்கு அது சரி, தக்காளிப் பாத்தி பக்கம் கூடவே கூடாது. கடையில் கிடைக்கும் களைக்கொல்லியை ரவுண்டப் என்ற பிராண்ட் பெயரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். வீட்டு உபயோகப் புட்டிகளில் 2023 முதல் க்ளைஃபோசேட்டுக்குப் பதில் வேறு மருந்துகள் வரத் தொடங்கிவிட்டன, பின்பக்க லேபிளைப் படித்தே ஆகவேண்டும். க்ளைஃபோசேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. குழந்தைகள் விளையாடும் இடத்தில் நான் தெளிக்கமாட்டேன்.

மரத்தில் ஏறிய தடித்த கொடிக்கு வெட்டுவதும் மருந்தும் சேர்ந்த வழிதான் சிறந்தது. தரையிலிருந்து அரையடி விட்டுக் கைரம்பத்தால் அறுத்து, உடனே அடிக்கட்டையின் வெட்டுவாயில் மட்டும் மருந்தைத் தூரிகையால் தடவவேண்டும். தெளிப்பதைவிட மிகக் குறைந்த மருந்து, அதுவும் நேரே வேருக்குப் போகும். மேலே தொங்குவதை இழுக்காதீர்கள், மரத்திலேயே காயட்டும்.

ஆடு? கேலியில்லை. நியூயார்க்கின் ரிவர்சைடு பூங்காவில் 2019இல் ஆடுகளை விட்டு இதை மேயவிட்டார்கள். ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வேர் தங்கிவிடும், திரும்பத் திரும்ப மேயவேண்டும். ஆட்டைத் தடவிக்கொடுத்தால் ரோமத்திலிருக்கும் எண்ணெய் உங்கள் கைக்கு வரும். சரிவான பெரிய நிலத்துக்கு ஆகும், கொல்லைப்புறத்துக்கு ஆகாது.

வினிகர் இலையைக் கருக்குவதோடு சரி. உப்பு போட்டால் மண் கெட்டுவிடும். களைவெட்டும் மெஷின் சாற்றைக் காலில் தெறிக்கும். எரிப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது: புகையோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

எந்த வழியானாலும் வேலை முடிந்ததும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டு உடனே கழுவவேண்டும், சில நிமிடத் தாமதம்கூடக் கணக்கு. ரம்பத்தையும் கத்தரியையும் ரப்பிங் ஆல்கஹாலால் துடையுங்கள். துணியைத் தனியாகத் துவையுங்கள், ஷூ லேஸையும் மறக்காதீர்கள். பிடுங்கியது உரக்குழிக்குப் போகக்கூடாது. பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். முன்பே ஒருமுறை முகம் வீங்கி அவதிப்பட்டவர் என்றால் இதில் எதுவும் உங்களுக்கில்லை, ஆள் வைத்துச் செய்யுங்கள்.