கறுவாப் பொம்பே டோஸ்டுக்கு எந்தப் பாண்?

ஞாயிறு காலையில் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஓய்வு கொடுத்துவிட்டுக் கறுவா மணக்க பிரெஞ்ச் டோஸ்ட், அதாவது நம்ம பொம்பே டோஸ்ட், சுடுவதென்றால் முட்டை, பால், சீனி எல்லாம் வீட்டில் இருப்பதே போதும். யோசிக்க வேண்டியது பாணைப் பற்றித்தான். அதையும் சனிக்கிழமை பின்னேரமே யோசித்துவிட வேண்டும். மட்டக்களப்பு நகரிலும் சரி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் சரி, கைக்குக் கிடைப்பவை மூன்று: வெட்டாத இறாத்தல் பாண், ரோஸ் பாண், துண்டு போட்டுப் பக்கெட்டில் வரும் சாண்ட்விச் பாண். மூன்றிலும் சுட்டுப் பார்த்த பிறகு நாங்கள் இறாத்தல் பாணோடு நின்றுவிட்டோம். ருசியை வைத்து எடுத்த முடிவில்லை இது. முட்டையும் கறுவாவும் சேர்ந்தால் பாணின் சொந்த ருசி பின்னுக்குப் போய்விடும். பாலில் ஊறிய துண்டு உடையாமல் கல்லுக்கு வந்து சேருமா, சேர்ந்தபின் நடுவில் வேகுமா என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

சாண்ட்விச் பாணை முதலில் முடித்துவிடலாம். துண்டு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல்தான் தடிப்பு. மென்மைக்காகக் கொழுப்பும் சீனியும் சேர்த்துப் பிசைந்த மா. கலவையில் ஒரு பக்கம் ஐந்து விநாடி, திருப்பி ஐந்து விநாடி, அவ்வளவுதான் அது தாங்கும். கூட விட்டால் தூக்கும்போது நடுவால் கிழிந்து பாதி கிண்ணத்திலேயே கிடக்கும். கிழியாமல் எடுத்தாலும் உள்ளே கஸ்டர்ட், அதாவது ஊறி வெந்து இறுகும் முட்டைப்பால் கலவை, நிற்க இடமில்லை; முட்டை பூசிய ரொட்டி தின்றது போல முடியும். மாவிலேயே சீனி இருப்பதால் வெளிப்பக்கம் சீக்கிரம் கறுத்தும் போகும். பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்கு, அல்லது இரண்டு துண்டுக்கு நடுவில் வாழைப்பழம் வைத்து ஒட்டிச் சுட, இது நல்லது. நனைக்க முன் வெறும் கல்லில் இரண்டு பக்கமும் வாட்டிக்கொண்டால் கிழிவது குறையும்.

ரோஸ் பாணுக்கு ஆதரவாளர்கள் உண்டு, மொறுமொறுப்புப் பிரியர்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான். தட்டையான பாண், மேலும் கீழும் தடித்த பொருக்கு. சிக்கல், அந்தப் பொருக்கு வழியே பால் இறங்காது. வழக்கம்போல் கிடையாக இரண்டாகப் பிளந்து நனைத்தால் ஒரு முகம் ஊறும், மறுமுகம் செருப்புத்தோல்தான். ரோஸ் பாணில் செய்வதென்றால் பெருவிரல் தடிப்பில் நெடுக்கு நெடுக்காக வெட்டுங்கள்; வெட்டுமுகம் இரண்டிலும் உள்ளிருக்கும் வெள்ளை தெரிய வேண்டும், பொருக்கு இரண்டு விளிம்பில் மட்டும் நிற்க வேண்டும். ஒவ்வொரு முகமும் ஒரு நிமிடம் ஊறட்டும். கையில் பிடித்துத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்ன இதைவிட நல்ல வடிவம் இல்லை. இந்தப் பாண் மட்டும் அன்றே வாங்கியதாக இருக்க வேண்டும். ஓர் இரவு வைத்தால் நம்முடைய வாவிக்கரை ஈரத்துக்குப் பொருக்கு இழுவையாகிவிடும், கத்தி வெட்டாமல் பாணையே நசுக்கும்.

இனி இறாத்தல் பாண். முழுப் பாணின் நியம நிறை 450 கிராம். தடிப்பை நீங்களே முடிவு செய்யலாம் என்பதுதான் இதன் முதல் வசதி. 2 சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டுங்கள். பாணின் உயரத்தைப் பொறுத்து ஏழு துண்டு அளவில் வரும். ஒன்றரைக்குக் கீழே போனால் சாண்ட்விச் பாணின் கதைதான். மூன்றுக்கு மேலே போனால் வெளிப்பக்கம் சிவந்த பிறகும் நடு பச்சையாக இருக்கும், அவண் இல்லாத அடுப்பில் அதைச் சரிக்கட்ட வழியில்லை. சூடாக வந்த பாணை உடனே வெட்டாதீர்கள். உள்ளே நீராவி நிற்கும்போது கத்தி பட்டால் பிசுபிசுத்து நசியும். வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். அடுத்தடுத்து ஒட்டியபடி வெந்த பாணுக்குப் பக்கங்களில் பொருக்கு இருக்காது, பிய்த்த இடம் வெள்ளையாகத் தெரியும். ஊறியபின் முதலில் உதிர்வது அந்த ஓரம்தான். தனி அச்சில் வெந்து நாலு பக்கமும் பொருக்கு வைத்த பாண் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். 'பழைய பாண்தான் நல்லது' என்று கேள்விப்பட்டு, பாணைப் பையோடு கட்டி வைக்கிறார்கள், அல்லது பிரிட்ஜில் வைக்கிறார்கள். காலையில் பாண் விறைப்பாக இருக்கும், சரிதான் என்று நனைக்கிறார்கள், கல்லில் போட்டதும் களியாகிறது. விறைத்த பாண் வேறு, காய்ந்த பாண் வேறு. பைக்குள் இருக்கும் பாணின் ஈரம் எங்கும் போவதில்லை. ஆறியபின் மாச்சத்து மறுபடி இறுகுவதால்தான் அது விறைக்கிறது, அந்த இறுக்கம் பிரிட்ஜின் குளிரில் இன்னும் வேகமாக நடக்கும். திரும்பச் சூடு பட்டதும் இறுக்கம் தளர்ந்து பழைய ஈரம் வெளியே வரும், அதோடு நீங்கள் ஊறவைத்த பாலும் சேரும். நடுப்பகுதி களியாவது அதனால்தான். நமக்கு வேண்டியது ஈரம் போன பாண். ஈரம் போன இடத்தில்தான் முட்டையும் பாலும் ஏறி நிற்கும், நின்று வெந்து இறுகும்.

ஆகவே வெட்டியபின் காயவிட வேண்டும். அதற்கு இடியப்பத் தட்டைப்போல் ஒரு சாமான் இல்லை: கண் விட்டுப் பின்னியது, கீழ்ப்பக்கமும் காற்று ஓடும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே மெல்லிய துணி ஒன்றைப் போட்டுவிடுங்கள். எவ்வளவு நேரம் என்பதை நம்ம ஊரில் காற்றுத்தான் சொல்லும். வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது காலையில் ஒரு மணி நேரம் போதும். ஓர் இரவு முழுக்க விட்டால் ரஸ்க் ஆகிவிடும், பால் நடுவுக்குப் போகாது. மாரியில் இரவு முழுக்க விட்டாலும் காயாது. பையிலேயே விட்டால் இரண்டாம் நாளே பச்சைப் புள்ளி வைத்தாலும் வைக்கும் (புள்ளி கண்டால் அந்தத் துண்டை மட்டும் அல்ல, முழுப் பாணையும் எறியுங்கள்). மாரிக்கு வழி: எண்ணெய் படாத தோசைக்கல்லை மிக மெல்லிய நெருப்பில் வைத்து ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு நிமிடம். நிறம் மாறக்கூடாது. விரலால் தொட்டால் மேல் முகம் சொரசொரப்பாக, அழுத்தினால் நடு இன்னும் சற்று மெதுவாக. அந்தப் பதம் வந்தால் போதும். அவண் உள்ளவர்கள் 150 பாகையில் ஒரு பக்கம் எட்டு நிமிடம் வீதம் வைக்கலாம்.

ஏழு துண்டுக்குக் கலவை: முட்டை 3, பால் 200 மில்லிலீற்றர், சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. உப்பை விட்டுவிடாதீர்கள், முட்டை வெடில் அடங்குவது அதில்தான். பாலைக் கூட்டினால் நடு இறுகாது, முட்டையைக் கூட்டினால் ஒம்லெட் மாதிரி இழுவை. சீனியைக் கூட்டினால் கல்லில் கரியும். இனிப்புப் போதாவிட்டால் சுட்ட பிறகு மேலே போடுங்கள். பால்மா என்றால் மூன்று குவியல் மேசைக்கரண்டியை இளஞ்சூட்டு நீரில் கட்டியில்லாமல் கரைத்தால் சரி. பசுப்பாலைக் காய்ச்சி நன்றாக ஆறவிட வேண்டும், சூட்டோடு ஊற்றினால் முட்டை திரளும். எருமைப்பால் கிடைக்கும் ஊர் இது, ஆனால் கொழுப்பு பசுப்பாலின் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் 150 பாலுக்கு 50 தண்ணீர் சேர்க்கலாம். தேங்காய்ப்பாலும் பொருந்தும். காத்தான்குடி, சாய்ந்தமருது வீடுகளில் வட்டலப்பம் பார்த்தவர்களுக்கு, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து எப்படி இறுகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. முதற்பாலை மட்டும் எடுங்கள். கறுவாவின் மணம் மட்டும் பசுப்பாலில் வருமளவுக்குத் தூக்கலாக வராது, தேங்காய் முந்திக்கொள்ளும்.

கறுவாவிலும் ஒரு போட்டி உண்டு: தூளா, பட்டையா. தூளை முட்டைக் கலவையில் அப்படியே கொட்டினால் மேலே மிதக்கும். கறுவாத்தூள் பாலில் கரைவதில்லை, எளிதில் நனைவதுமில்லை. முதல் துண்டு அதை எல்லாம் அள்ளிக்கொண்டு கபில நிறமாகப் போகும், கடைசித் துண்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. தூள்தான் வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டித் தூளைச் சீனியோடு உலர்வாகக் கலந்து, முட்டையில் போட்டு முள்ளுக்கரண்டியால் நன்றாக அடித்து, அதற்குப் பிறகு பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒவ்வொரு துண்டு போட முன்பும் ஒரு கலக்கு. அப்படிச் செய்தாலும் முகத்தில் ஒட்டிய தூள் கல்லில் கருகும்போது ஒரு மெல்லிய கசப்பு வரத்தான் செய்யும்.

அதனால் எங்கள் சாய்வு பட்டைப் பக்கம். விரல் நீளப் பட்டை இரண்டை நொறுக்கி 230 மில்லிலீற்றர் பாலில் போட்டு, ஓரத்தில் குமிழி வந்ததும் அடுப்பை அணைத்து, மூடி இருபது நிமிடம் விடுங்கள். தேத்தண்ணி வடியால் வடித்தால் 200 அளவில் வரும். மணம் பாலுக்குள்ளேயே இருப்பதால் எல்லாத் துண்டுக்கும் ஒரே மாதிரிப் போய்ச் சேரும், கல்லில் கருக ஒன்றுமில்லை. சனி இரவே செய்து மூடி பிரிட்ஜில் வைத்தால் காலையில் வேலை பாதி முடிந்தது. தூளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்: இரண்டு மேசைக்கரண்டிச் சீனிக்கு ஒரு தேக்கரண்டித் தூள் கலந்து, கல்லிலிருந்து இறக்கிய சூட்டிலேயே இரண்டு பக்கமும் தூவுங்கள். ஆறிய பிறகு தூவினால் ஒட்டாது.

பட்டை வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். நம் நாட்டுக் கறுவா கடதாசிபோல் மெல்லிய பல சுருள், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். தடித்த ஒற்றைப் பட்டையாக, மரத்துண்டுபோல் உறுதியாக இருந்தால் அது கசியா. காரம் கூட, இனிப்பு மணம் குறைவு, ஈரலுக்கு ஆகாத கூமரினும் நம் கறுவாவைவிடப் பல மடங்கு. வாராவாரம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் கசியாவைத் தவிர்ப்பது நல்லது. வீட்டில் தூளாக்குவதென்றால் பட்டையோடு ஒரு மேசைக்கரண்டிச் சீனியையும் சேர்த்து அரையுங்கள், நன்றாக மசியும். மாரியில் தூள் கட்டிபடும், இரண்டு கிழமைக்கு வேண்டியதை மட்டும் அரைத்தால் போதும்.

ஊறவைக்கும் அளவு: காய்ந்த இறாத்தல் பாண் துண்டு ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம். குழியான கிண்ணத்தைவிடச் சப்பையான கோப்பை வசதி. தட்டைக்கரண்டியைக் கீழே கொடுத்துத் தூக்கி, வடியவிட்டுக் கல்லில் வையுங்கள். தொங்கவிட்டுத் தூக்கினால் நல்ல பாணும் கிழியும்.

சுடுவதற்குத் தனிப் பட்டர் கூடாது, பால்கசடு சீக்கிரம் கருகும். ஒரு தேக்கரண்டி பட்டர், ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் இரண்டு துண்டுக்குச் சரி. நெய் மட்டும் என்றாலும் நல்லது. மாஜரின் சிலவற்றில் தண்ணீர் கூட, தெறிக்கும், சிவக்க நேரம் எடுக்கும். நடுத்தரத்துக்குச் சற்றுக் குறைந்த நெருப்பு. பட்டர் நுரைத்து அடங்கியதும் துண்டை வைத்து மூன்று நிமிடம் கைவைக்காமல் விடுங்கள். திருப்பி இன்னும் மூன்று. நடுவில் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தும்போது ஓரத்தில் மஞ்சள் நீர் கசிந்தால் உள்ளே இன்னும் பச்சை. நெருப்பைக் கூட்டாமல், மூடி போட்டு ஒரு நிமிடம். பொருக்குள்ள விளிம்புகளை நிறுத்திவைத்து அரை நிமிடம் வாட்டினால் ஓரமும் ஈரமில்லாமல் வரும். ஒவ்வொரு தடவைக்கும் இடையில் கல்லைத் துணியால் துடையுங்கள், முந்திய தடவையின் கசடுதான் அடுத்த துண்டில் கறுப்புப் புள்ளியாக ஒட்டும்.

குரக்கன் பாண், ஆட்டாமாப் பாண் இந்தப் போட்டியில் இல்லை. அவற்றில் எங்கள் கைப்பழக்கம் குறைவு. சுட்ட அளவில் பால் இறங்க நேரம் கூட எடுத்தது, நடு நெருக்கமாக நின்றது. வேறு பேக்கரிப் பாணில் வேறு மாதிரியும் வரலாம். பணிஸிலும் சிலர் செய்கிறார்கள், இனிப்பு ஏற்கெனவே இருப்பதால் கலவையில் சீனி போடாமல், நெருப்பை இன்னும் குறைத்துச் செய்தால் பிழைக்கும்.

பக்கத்தில் வைக்க எருமைத்தயிரும் கித்துள் பாணியும் இருந்தால் கறுவாச் சீனியைப் பாதியாகக் குறையுங்கள். தயிரைச் சூட்டுத் துண்டின் மேலே ஊற்றாமல் ஓரத்தில் வையுங்கள், மேலே ஊற்றினால் மொறுமொறுப்பு நொடியில் போகும். மிஞ்சியவற்றை ஆறியதும் மூடி பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை இருக்கும். திரும்பச் சூடாக்க எண்ணெய் விடாத கல்லே நல்லது, மைக்ரோவேவில் துண்டு இழுவையாகிவிடும்.