அம்மாவின் சமையலறைக்கு டைல்ஸ் பார்த்த கதை

மூன்று வார விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிக்குப் போயிருந்தேன். இந்த முறை கோயில், கல்யாணம் எதுவும் கிடையாது. அம்மாவின் சமையலறைத் தரையை மாற்றுவது ஒன்றுதான் வேலை. தாத்தா காலத்துச் சிவப்பு ஆக்சைடு தரை அடுப்படியில் பெயர்ந்துபோய், பாத்திரம் கழுவும் பக்கம் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது. அம்மாவுக்கு 71 வயது. ஒருநாள் கால் வழுக்கி, மேடையைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கிறார். அதையும் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதலில் போன கடை பெரியது. ஏசி, காபி, கண்ணைக் கூசும் விளக்கு. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் நேராக நாலுக்கு ரெண்டு அடி பளபளப்பு டைல்ஸிடம் கூட்டிப்போனார்கள். முகம் பார்க்கலாம் போல இருந்தது. "ஈரத்தில் வழுக்குமா?" என்று கேட்டேன். "மேலே கால்மிதி விரிச்சுக்கலாம் சார்" என்றார் விற்பனையாளர். வயதானவர்கள் புழங்கும் சமையலறைக்கு அது பதிலே இல்லை. கிளம்பிவிட்டோம்.

இரண்டாவது கடை சின்னது. அங்கே வேலை பார்த்த பெண் மூன்று டைல்ஸைத் தரையில் போட்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றி, "அம்மா, செருப்பைக் கழற்றிட்டு மிதிச்சுப் பாருங்க" என்றார். பளபளப்பில் வைத்த காலை அம்மா உடனே எடுத்துவிட்டார். சொரசொரவென்று இருந்த டைல்ஸில் கால் நன்றாகப் பிடித்தது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு அந்தச் சொரசொரப்பில் உட்கார்ந்தால் தேய்த்து எடுப்பது பாடு என்று அந்தப் பெண்ணே சொன்னார். இரண்டுக்கும் நடுவில் இருந்த, பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில்தான் அம்மா நின்று, திரும்பி, இன்னும் இரண்டடி நடந்தார். முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

சுவர் டைல்ஸை ஏன் தரையில் போடக்கூடாது என்பதையும் அவரே காட்டினார். இரண்டையும் குப்புறப் போட்டு முதுகில் கொஞ்சம் தண்ணீர் விட்டார். சுவருக்கான செராமிக் சட்டென்று குடித்துவிட்டது. தரைக்கான விட்ரிஃபைடில் தண்ணீர் அப்படியே நின்றது. முதலாவது தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சும், இரண்டாவது அரை சதவீதம்கூட உறிஞ்சாது. செராமிக் எடை குறைவு, சுவரில் ஒட்ட வசதி. மிதிபட, அம்மிக்கல் விழத் தாங்காது. சுவருக்கு மட்டும் பளபளப்பையே எடுத்தோம், இளம் சந்தன நிறத்தில். தாளிப்பில் தெறிக்கும் எண்ணெயை ஒரே துடைப்பில் எடுத்துவிடலாம். பழக்கூடை படம் போட்ட ஹைலைட்டர் வேண்டவே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

கணக்கில் ஒரு விஷயம். ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் நாலு கொண்ட பெட்டி 16 சதுர அடி என்றுதான் வாயால் சொல்வார்கள். உண்மையில் அது 600 மில்லிமீட்டர், பெட்டிக்கு 15.5 சதுர அடிதான் வரும். எங்கள் அறை 11க்கு 13. வெட்டும் கழிவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 157 சதுர அடி. 16ஆல் வகுத்தால் 10 பெட்டி போதும் போலிருக்கும், 15.5ஆல் வகுத்தால் 11 வேண்டும். விலை கேட்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பெட்டிகள் வந்த அன்றுதான் சிக்கல். மேஸ்திரி பிரிக்கும் முன் ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டையும் படித்தார். மூன்று பெட்டியில் ஷேடு எண், அதாவது நிறச் சாயலைக் குறிக்கும் எண், வேறு. இரண்டு ரகத்தையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. ஒட்டின பிறகு தெரிந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கடையில் வாதாடவில்லை, மாற்றித் தந்தார்கள், ஆனால் இரண்டு நாள் போனது. மூன்று வாரத்தில் இரண்டு நாள் பெரிய விஷயம்.

அந்த இரண்டு நாளில், கையால் டைல்ஸ் செய்யும் ஆத்தங்குடிக்குப் போய்வந்தோம். கண்ணாடிப் பலகை மேல் தகர அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறார்கள். சூளையே கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்த பின் கண்ணாடி கழன்று வருகிறது. அதன் வழவழப்பு கல்லுக்கு ஏறியிருக்கிறது. அம்மாவுக்கு ஆசைதான். ஆனால் பட்டறைக்காரரே, "அடுப்படிக்கு வேண்டாம்மா, புளியும் எலுமிச்சையும் சிந்தினா கறை நின்னுடும். பூஜை அறைக்குப் போடுங்க" என்றார். விற்க வந்த பொருளை இந்த இடத்துக்கு வேண்டாம் என்று சொன்னவரை நான் மறக்கவே மாட்டேன்.

ஒட்டும் வேலை நாலு நாள். விட்ரிஃபைடு தண்ணீர் குடிக்காததால் வெறும் சிமெண்ட் பிடிக்காது என்று மேஸ்திரி பசை மூட்டை கேட்டார், வாங்கித் தந்தேன். தண்ணீர் போகும் துவாரத்தை நோக்கி நூல் பிடித்து வாட்டம் வைத்தார். மறுநாள் கட்டைக் கம்பால் ஒவ்வொன்றாகத் தட்டினார்; ஒன்று மட்டும் அடியில் பசை இல்லாமல் வெற்றாக இருப்பதுபோல் 'டொக்' என்று சத்தம் கொடுத்தது. யாரும் சொல்லாமலே அதைப் பெயர்த்துத் திரும்ப ஒட்டினார். இடுக்குகளுக்கு வெள்ளை சிமெண்டுக்குப் பதில் எபாக்சி என்ற பிசின் கலவை. கறை அதில் எளிதில் ஏறாது.

மிஞ்சிய டைல்ஸைப் பரணில் வைத்திருக்கிறோம். பெட்டியின் ஷேடு எண்ணைப் படம் எடுத்து அத்தைக்கும் அனுப்பிவிட்டேன். அடுத்த தை மாதம் பூஜை அறைக்கு ஆத்தங்குடி.