இரவில் எத்தனை பேர்? அம்மா இருந்த பராமரிப்பு இல்லம் பற்றி

பக்கவாதம் வந்தபின் அம்மா 11 மாதங்கள் தங்கியிருந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தைப் பற்றி, இடம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்பதற்காக எழுதுகிறேன். அறைகள் சுத்தமாகவும் காற்றோட்டமாகவும் இருந்தன. மருந்து வேளை தவறியதில்லை. குறையெல்லாம் ஆட்கள் போதாததில்தான்.

அம்மாவால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். ஐந்தாவது மாதத்தில் ஒரு காலை அந்த அட்டையைப் பார்த்தபோது, இரவு 12, 2, 4 மணிக்குரிய மூன்று கட்டங்களிலும் ஒரே மூச்சில் போட்டதுபோன்ற கையெழுத்துகள் இருந்தன. அதே வாரம் அம்மாவின் வால் எலும்புக்கு மேல் கருஞ்சிவப்பாக ஒரு தடம் தெரிந்தது. விரலால் அழுத்தியபோது அது வெளுக்கவில்லை. படுக்கைப் புண் அப்படித்தான் தொடங்குகிறது.

கையெழுத்திட்ட பெண்ணிடம் கோபமாகத்தான் கேட்டேன். அம்மாவைத் திருப்ப இருவர் வேண்டும் என்றிருக்க, 22 பேர் இருக்கும் அந்தத் தளத்தில் இரவில் அவர் ஒருவரே என்பதும், பகல் ஷிப்ட் முடித்து அப்படியே இரவுக்கும் நின்றிருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. "அட்டை காலியா இருந்தா என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க, அக்கா" என்றார். பொய்க் கையெழுத்து தவறுதான். ஆனாலும் அந்தத் தவறை அவர் தலையில் மட்டும் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

அவருடன் இரவுப் பணியில் இருந்தவர், சற்றே கூடுதல் சம்பளத்துக்காக ஒரு சரக்குக் கிடங்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார். விழுங்குவதற்கு முன் அம்மாவைத் தாடையைத் தாழ்த்தச் சொல்ல வேண்டும், வலப்பக்கம் நின்று பேசினால்தான் கவனிப்பார் என்று பழகிப் பழகி அறிந்திருந்ததெல்லாம் அவரோடு போயிற்று. பின்னர் வந்த மூவரும் அதைக் கற்றுக்கொள்வதற்குள் விலகினார்கள். வீட்டுப் பெண்கள் கூலியின்றிச் செய்துவந்த வேலை என்பதாலேயே இதைத் திறன் வேண்டாத வேலையாக மதிப்பிடுகிறார்கள். ஆசிரியர், செவிலியர், வீட்டுப் பணியாளர் உட்பட உலகில் ஊதியத்துக்குப் பராமரிப்புப் பணி செய்வோர் 38.1 கோடி பேர் என்றும், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்கள் என்றும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது.

அந்த 11 மாதங்களில் கட்டணம் இருமுறை உயர்ந்தது. இரவுப் பணியாளரின் சம்பளம் உயரவில்லை. ஆறு குடும்பங்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்த பிறகே இரவுக்கு இரண்டாவது ஆளை நியமித்தார்கள். அதன்பின் அம்மாவின் முதுகுப்புறம் தேறியது.

கட்டடத்துக்கு 5க்கு 4, நிர்வாகத்துக்கு 2, பணியாளர்களுக்கு முழு மதிப்பெண். சேர்ப்பதற்கு முன், ஓராண்டுக்கு மேல் நிலைத்திருக்கும் பணியாளர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு இரவு பத்து மணிக்குமேல் ஒருமுறை நேரில் போய், தளத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.