பக்கத்துல ஒரு ஆளா, கிளாசுக்கு ரெண்டு டீச்சரா?

என் கிளாஸ்ல ஆட்டிசம் உள்ள பையன் ஒருத்தன் இருக்கான். பேச்சு ரொம்பக் கம்மி, படக் கார்டு காட்டித்தான் வேணுங்கறதச் சொல்லுவான். மூணாங்கிளாஸ்ல அவனுக்குன்னே ஒரு ஷேடோ டீச்சர் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. நாலாங்கிளாஸ்ல அதை விட்டுட்டு ஸ்பெஷல் எஜுகேட்டரும் (இந்த மாதிரிப் பசங்களுக்குச் சொல்லித்தரப் பயிற்சி எடுத்த டீச்சர்) நானும் ஒரே ரூம்ல சேர்ந்து பாடம் எடுக்கற முறைக்கு மாறினோம், கோ டீச்சிங்னு சொல்றது. ரெண்டு வருஷமும் நான்தான் கிளாஸ் டீச்சர், அதனால ரெண்டையும் கிட்ட இருந்து பாத்தாச்சு. நான் எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடறேன், ரெண்டு டீச்சர் பக்கம்.

மூணாவது வழி ஒண்ணு உண்டு, ரிசோர்ஸ் ரூம், அதைப் பத்தி நிறைய சொல்ல மாட்டேன். வாரத்துல சில பீரியட் தனியா கூட்டிட்டுப் போய் சொல்லித் தர்றது, அமைதியா இருக்கும், வாசிக்கக் கத்துக்கற புள்ளைக்கு உதவும். ஆனா திரும்பி வரும்போது இங்க பாடம் பாதி ஓடியிருக்கும், அவன் நடுவுல வந்து முழிப்பான்.

ஷேடோ டீச்சர்ல நல்லது இல்லாம இல்ல. புள்ளைக்குப் பாதுகாப்பு, அம்மா அப்பாவுக்கு நிம்மதி, அவன் டென்ஷன் ஆகறதுக்கு முன்னாடியே அவங்க கண்டுபிடிச்சு வெளிய ஒரு நடை கூட்டிட்டுப் போயிடுவாங்க. உண்மையச் சொன்னா எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு, 30 பேர்ல ஒருத்தனைப் பாத்துக்க ஆள் இருக்குன்னு நான் மத்த 29 பேரோட ஓடிட்டிருந்தேன்.

ஒரு நாள் அந்த மேடம் காய்ச்சல்னு வரல. மொத பீரியட் முடியறதுக்குள்ள அவன் ஒரு கார்டைக் கொண்டாந்து என் முகத்துக்கு நேரா நீட்டறான், காது படம். காது வலிக்குதாடான்னு கேட்டா தலைய வேகமா ஆட்டிட்டு மறுபடி அதையே நீட்டறான். நான் தண்ணி குடுக்கறேன், டாய்லெட் போகணுமான்னு கேக்கறேன், அவன் அழவே ஆரம்பிச்சிட்டான். கடைசில பின்னாடி பெஞ்ச்ல இருந்து ஒரு பொண்ணு, "மிஸ், சத்தம் தாங்கலயாம், ஹெட்ஃபோன் கேக்கறான்"னா. அரை வருஷத்துக்கு மேல என் கிளாஸ்ல இருக்கற புள்ள, அவன் கார்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. மதியத்துக்குள்ள வீட்டுக்கு போன் பண்ணி கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டோம். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு, அந்த மேடம் லீவுன்னா அவனும் லீவு. யாரும் எழுதி வச்ச ரூல் இல்ல, அப்படியே ஆயிடுச்சு.

என்னைப் பொறுத்தவரைக்கும் முடிவு பண்ண வச்சது இந்த ஒரு விஷயம்தான், ஆள் வராத அன்னைக்கு அந்தப் புள்ள யாரோட பொறுப்பு? அந்த நாளுக்கப்புறம் கவனிச்சுப் பாத்தா ஆள் இருக்கற அன்னைக்கும் அதே கதைதான், பசங்க அவன்கிட்ட பென்சில் கேக்கணும்னாகூட அந்த மேடம்கிட்டதான் கேப்பாங்க, "மிஸ், அவன்கிட்ட ரெட் கலர் இருக்கா"ன்னு. அவன் அங்கயேதான் உக்காந்திருப்பான். 1997லயே அமெரிக்காவுல மைக்கேல் ஜியான்கிரெக்கோவும் அவர் கூட வேலை பாத்தவங்களும் இதை எழுதியிருக்காங்க, உதவியாளர் ஓயாம ஒட்டிட்டே இருந்தா கிளாஸ் டீச்சர் பொறுப்புலருந்து நழுவறதும், புள்ள கூடப் படிக்கறவங்கள விட்டு விலகறதும் நடக்குதுன்னு. 2009ல வெளியான பிரிட்டன் ஆய்வுல, உதவியாளர் சப்போர்ட் அதிகமா கிடைச்ச பசங்க, அதே நிலைமைல இருந்த மத்தவங்களவிட கம்மியாதான் முன்னேறியிருந்தாங்க. தப்பு அந்த உதவியாளர்கள்மேல இல்ல, கஷ்டமான புள்ளைய அவங்ககிட்ட தள்ளிவிட்டுட்டு டீச்சர் ஒதுங்கிக்கற ஏற்பாட்டுலதான்னு ஆய்வு பண்ணினவங்களே சொன்னாங்க. படிச்சப்போ என்னைப் பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு.

இத்தாலில 1977லயே சட்டம் போட்டு, மாற்றுத்திறன் உள்ள பசங்களுக்குன்னு இருந்த தனி வகுப்புகள ஒழிச்சுட்டாங்க. அங்க சப்போர்ட் டீச்சர்ங்கறவர் அந்த மொத்த கிளாசுக்கும் பொறுப்பான டீச்சர்கள்ல ஒருத்தர். பேப்பர்ல சின்ன வித்தியாசம்தான், கிளாஸ் ரூம்ல ரொம்பப் பெருசு.

எங்க ரூம்ல இப்போ எப்படின்னா, பின்னம் நடத்தறப்போ மூணு டேபிள் போடுவோம். ஒண்ணுல பேப்பர் பட்டைய மடிச்சு அரை, கால்னு பிரிக்கறது, ஒண்ணுல நான், இன்னொண்ணுல ஸ்பெஷல் எஜுகேட்டர். எல்லாரும் மூணுலயும் சுத்தி வரணும், அவனும்தான். அவன் கார்டுகளோட காப்பி போர்டு ஓரத்துல ஒட்டியிருக்கு, மொத்த கிளாசுக்கும் அத்துப்படி, சத்தம் ஜாஸ்தியானா மத்த பசங்களே போய் காது படத்தத் தொட்டுக் காட்டறாங்க. ஸ்பெஷல் எஜுகேட்டர் லீவு போட்ட நாள்ல பாடம் மெதுவா நகரும், டேபிள் மூணு ரெண்டாகும், ஆனா அவன் கடைசி பெல் வரைக்கும் கிளாஸ்ல இருக்கான்.

இதுக்கு பராமரிப்புச் செலவுன்னு ஒண்ணு உண்டு, அது பணம் இல்ல, வாரம் ஒரு பீரியட். நானும் அவங்களும் உக்காந்து அடுத்த வாரப் பாடத்தப் பிரிச்சுக்கற நேரம். அது போச்சுன்னா அவங்க என்ன பாடம்னே தெரியாம உள்ள வருவாங்க, வேற வழியில்லாம அவன் பக்கத்துல போய் உக்காருவாங்க, பழையபடி ஷேடோதான். இன்னொரு குறை, அவங்க பல கிளாசுக்குப் போறவங்க, எனக்குக் கிடைக்கறது ஒரு நாளைக்கு ரெண்டு பீரியட்தான்.

வலிப்பு வர்ற புள்ள, சாப்பிட, டாய்லெட் போக ஆள் வேணுங்கற புள்ளைன்னா உதவியாளர் கண்டிப்பா வேணும், கோ டீச்சிங் வந்துடுச்சுன்னு அதை வெட்டறத நான் ஒத்துக்க மாட்டேன். சைகை மொழி பேசற புள்ளைக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது, அங்க மொழி தெரிஞ்ச டீச்சர் இல்லன்னா எதுவுமே இல்ல. பாடத்துக்கு ஒரு டீச்சர் மாறற பெரிய கிளாஸ்ல நான் எடுத்ததில்ல, அங்க ஒவ்வொருத்தரோடயும் உக்காந்து பிளான் பண்றது இதைவிட கஷ்டமாதான் இருக்கும்னு தோணுது.

எங்க பிளானிங் பீரியட் மொதல்ல வாரக் கடைசி நாள், கடைசி பீரியட்ல இருந்துச்சு, யார் லீவு போட்டாலும் எங்களத்தான் சப்ஸ்டிட்யூஷனுக்கு இழுப்பாங்க. சண்டை போட்டு வார நடுவுல காலைக்கு மாத்தியிருக்கோம். மாத்தினதுக்கப்புறமும் ரெண்டு தடவ போயிடுச்சு.