இழுவைப் பந்தயக் காருக்குப் பழைய ஜீப்பின் பின் ஆக்ஸில்

வீட்டிலேயே கட்டிவரும் இழுவைப் பந்தயக் (டிராக் ரேஸ்) காருக்காக, மேலூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் ஜீப்பின் ‘டானா 44’ என்ற மாடல் பின் ஆக்ஸிலை வாங்கினேன். பின்மூடியைக் கழற்றி, எண்ணெய்க் கசட்டைத் துடைத்துப் பற்களை எண்ணியபோது கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தில் 43, அதைச் சுழற்றும் சிறிய பினியனில் 8 இருந்தன. அதாவது விகிதம் 5.38; பினியன் 5.38 முறை சுழன்றால்தான் கிரவுன் வீல் ஒருமுறை சுழலும். புறப்படும் நொடியில் இது தரும் உந்துதல் அருமையானது. ஆனால் 26 அங்குல டயரும் நேரடி (1:1) டாப் கியரும் இருந்தால், 120 கி.மீ. வேகத்திலேயே இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,200 சுற்றைத் தொட்டுவிடும் என்பதால், அவ்வளவு வேகமாகச் சுழலாத டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்கள் இதை நாடவே வேண்டாம்.

ஹவுசிங் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) உறுதியானது; குறை, உள்ளிருந்து சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் நுனியில்தான் இருக்கிறது. அங்கே சக்கர ஹப் கூம்பு வடிவ முனையில் ஒரு சிறு சாவியின் (ஹப்பும் ஷாஃப்டும் சேர்ந்தே சுழலும்படி பள்ளத்தில் செருகும் உலோகத் துண்டு) துணையோடு உட்கார்ந்திருக்கிறது. பிடிப்புள்ள டயரோடு கிளட்சைச் சட்டென விட்டால் அந்தச் சாவி அறுந்துபோகக்கூடும். என்னுடையதில் சாவிப்பள்ளத்தின் ஓரம் ஏற்கெனவே மழுங்கியிருந்தது. ஆகவே கப்பலூர் லேத் பட்டறையில் சக்கரத்தைப் பொருத்தும் வட்டத் தட்டான ஃபிளேஞ்சோடு ஒரே துண்டாகப் புதிய ஷாஃப்ட் கடையக் கொடுத்திருக்கிறேன். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டே வாங்குங்கள்.