எராஸ்மஸ் ஆன்லைன் கற்றல் ஒப்பந்தம்: நல்ல கருவி, ஆனால் சரிபார்ப்பு நம் பொறுப்பு

எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் போகிறவர்களுக்கு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கப்போகிறோம் என்ற ஒப்பந்தத்தை இணையத்தில் நிரப்ப உதவும் இந்தத் தளம் உண்மையிலேயே கைகொடுக்கிறது. அட்டவணை ஏ-யில் அங்கே படிக்கப்போகும் பாடங்கள். பி-யில் அவற்றுக்கு ஈடாகச் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்பவை. முழு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட் அலகு). மாணவர், அனுப்பும் பல்கலை, ஏற்கும் பல்கலை என மூன்று தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும்.

சிக்கல் பெரும்பாலும் ஏ-யில்தான். போன ஆண்டுப் பட்டியலைப் பார்த்து நிரப்பினால், அந்தப் பாடம் இந்த செமஸ்டரில் இல்லாமல் போகலாம்; இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் மோதலாம். தளம் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது, அதுதான் பெரிய குறை. பாடக்குறியீடு, செமஸ்டர், பயிற்றுமொழி மூன்றையும் நடப்புப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மாற்றாக வேறு இரண்டு பாடங்களுக்கும் முன்கூட்டியே ஒப்புதல் கேட்டு வையுங்கள். பாடத்திட்டத்தையும் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். திரும்பியபின் கிரெடிட் மாற்றும்போது கேட்கக்கூடும்.