வெளி டிரைவைக் கழற்றினால் பூட் ஆகாத லினக்ஸ்: நோஃபெயிலா, ஆட்டோமவுண்ட்டா?

யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கணினியைப் போட்டால், கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஓடுகின்றன. பக்கத்தில் 1 நிமிடம் 30 நொடிக் கணக்கு. அது தீர்ந்ததும் எமர்ஜென்சி மோடு, அதாவது பழுது பார்க்க மட்டும் கட்டளை வரி தரும் நிலை. டிஸ்க்கிலோ போர்டிலோ கோளாறு இல்லை. எந்த டிரைவை எந்த ஃபோல்டரில் இணைப்பது (மவுண்ட் செய்வது) என்று சொல்லும் கோப்பு எஃப்எஸ்டேப் (/ஈடிசி/எஃப்எஸ்டேப்). அதில் வெறும் 'டிஃபால்ட்ஸ்' என்று எழுதிய டிரைவ் கட்டாயம் வேண்டும் என்றே, பூட்டை நடத்தும் சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும்.

முதலில் மெஷினை மீட்க வேண்டும். ரூட் பாஸ்வேர்டு கேட்டால் கொடுத்து, எஃப்எஸ்டேப்பில் அந்த டிரைவின் வரிக்கு முன்னால் # போட்டு ரீபூட் செய்தால் போதும். ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்றால் பூட் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் இனிட்=/பின்/பேஷ் சேர்த்து, கன்ட்ரோல்+எக்ஸ் அழுத்துங்கள். ரூட் டிஸ்க்கை (லினக்ஸ் இருக்கும் டிஸ்க்) மவுண்ட் கட்டளையில் ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ கொடுத்து எழுதத் திறந்த பிறகே எஃப்எஸ்டேப்பைத் திருத்த முடியும். முடிந்ததும் சிங்க், பிறகு ரீபூட் -எஃப் கட்டளைகளைக் கொடுங்கள்.

இனி நிரந்தரத் தீர்வு. டிரைவை எஃப்எஸ்டேப்பில் சேர்க்காமல் டெஸ்க்டாப்பிடமே விட்டுவிடலாம். பென் டிரைவுக்கு அது போதும். லாகின் ஆகாத சர்வருக்கு உதவாது.

பலரும் சொல்வது, எஃப்எஸ்டேப் வரியில் 'நோஃபெயில்' என்று சேர்ப்பது. டிரைவ் இல்லாவிட்டாலும் பூட் காத்திருக்காமல் தொடரும், ஒரே சொல்லில் வேலை முடியும். ஆனால் டிரைவ் மவுண்ட் ஆக வேண்டிய /எம்என்டி/பேக்கப் என்ற காலி ஃபோல்டர் ரூட் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது. இரவு ஓடும் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) ஸ்கிரிப்ட், டிரைவ் இல்லாதது தெரியாமல் அதற்குள்ளேயே எழுதித் தள்ளும். ரூட் நிரம்பும். பிறகு டிரைவை மவுண்ட் செய்தால் எழுதியதெல்லாம் அதன் அடியில் மறைந்துவிடும். டிஸ்க்கில் மீதி இடத்தைச் சொல்லும் டிஎஃப் 100% காட்டும், ஃபோல்டர்களின் அளவைச் சொல்லும் டியூ எங்கே என்று காட்டாது. ரூட்டை வேறொரு ஃபோல்டரிலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்து பார்த்தால்தான் அவை கண்ணில் படும்.

ஆட்டோமவுண்ட்டை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். எஃப்எஸ்டேப் வரியின் நான்காவது புலத்தில் நோஆட்டோ, எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட், எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=5, எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=60 என்று கமா மட்டும் போட்டு, இடைவெளி விடாமல் எழுதுங்கள். யாராவது அந்த ஃபோல்டரைத் தொடும்போதுதான் மவுண்ட் நடக்கும். டிரைவ் இல்லையென்றால் 5 நொடியில் பிழை வரும். ஸ்கிரிப்ட் அங்கேயே தோற்கும், ரூட் டிஸ்க்கில் ஒரு பைட் கூட விழாது. 60 நொடி சும்மா இருந்தால் தானாகவே அன்மவுண்ட் ஆவதால் கேபிளைக் கழற்றும்போது சேதமாகும் வாய்ப்பும் குறைவு.

இதிலும் குறை உண்டு. ஃபைல் மேனேஜரோ, தேடலுக்காகக் கோப்புகளைப் பட்டியலிடும் இண்டெக்ஸரோ அந்த ஃபோல்டரை அடிக்கடி எட்டிப் பார்த்தால் ஐடில் நேரம் வரவே வராது. டிரைவ் இல்லாதபோது ஜன்னல் சில நொடி உறையும். எஃப்எஸ்டேப்பில் உள்ளதையெல்லாம் மவுண்ட் செய்யும் மவுண்ட் -ஏ கொடுத்தாலும் நோஆட்டோ வரியை அது தாண்டிப் போய்விடும். சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு கொடுத்து, லோக்கல்-எஃப்எஸ்.டார்கெட்டை ரீஸ்டார்ட் செய்தால்தான் ஆட்டோமவுண்ட் உயிர்பெறும். இதெல்லாம் சிஸ்டம்டி உள்ள டிஸ்ட்ரோக்களுக்கு மட்டுமே.

நோஃபெயில்தான் வேண்டும் என்பவர்கள், டிரைவை அன்மவுண்ட் செய்துவிட்டுக் காலி ஃபோல்டரை மாற்ற முடியாதபடி பூட்டும் சிஹெச்ஆட்டர் +ஐ கட்டளையைப் போடுங்கள். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ரூட் பயனரால்கூட அதற்குள் எழுத முடியாது. இது பெரும்பாலும் கைகொடுக்கும், ஆனால் ஒவ்வொரு மெஷினிலும் மறக்காமல் செய்ய வேண்டிய தனி வேலை.

எதை எடுத்தாலும் /டெவ்/எஸ்டிபி1 என்ற பெயர் வேண்டாம், பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடியையே (டிரைவின் தனி அடையாள எண்) போடுங்கள். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் என்றால் எஃப்எஸ்டேப் வரியின் ஆறாவது புலத்தில் 0 போடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் என்டிஎஃப்எஸ் டிரைவ், செருகியிருந்தாலும் மவுண்ட் ஆக மறுக்கலாம். நோஃபெயிலோ நோஆட்டோவோ இல்லாத வரியில் அதுவும் எமர்ஜென்சி மோடில்தான் கொண்டுபோய் விடும். திருத்தியதும், எஃப்எஸ்டேப்பில் பிழை உண்டா என்று பார்க்க ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை கொடுத்து, டிரைவைக் கழற்றி, ஸ்கிரீன் முன்னால் இருக்கும்போதே ஒரு தடவை ரீபூட் செய்து பார்த்துவிடுங்கள்.